வடம் பிடித்து வென்ற கார்

உலக மோட்டார் பந்தய வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது: திருத்துறைப்பூண்டித் தீர்மானத்துக்கு முன், திருத்துறைப்பூண்டித் தீர்மானத்துக்குப் பின். அதுவரைக்கும், எடை குறைந்த வண்டிதான் வளைவில் நன்றாகத் திரும்பும் என்று ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நன்றாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மூடநம்பிக்கையை ஒரே கூட்டத்தில், மேஜைமேல் இருந்த வடை ஆறுவதற்குள், ஒழித்துக்கட்டிய பெருமை எங்கள் டெல்டா மோட்டார் பந்தய சங்கத்தைச் சேரும். அதன் செயலாளர் அடியேன். ஆயுள் முழுக்கத் தாலுகா அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். எதையும் தீர்மானமாக எழுதி, கீழே கையெழுத்து வாங்கிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன்.

ஆட்டோகிராஸ் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்கள் வெட்கப்பட வேண்டாம். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பெரிய மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். கூம்புகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு யார் சீக்கிரம் வந்து சேர்கிறாரோ அவருக்குப் பரிசு. ஒரு கூம்பு சாய்ந்தால் இரண்டு நொடி கூடுதலாக ஏறும். அவ்வளவுதான். எங்களுக்கு மைதானம் என்று தனியாகக் கிடையாது. தலைவர் அமிர்தலிங்கம் அவர்களின் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமென்ட் களம் இருக்கிறது. சம்பா நெல் வரத்து ஓய்ந்து களம் காலியானதும் அங்கேதான் எங்கள் போட்டி. தலைவர் ஆவதற்கு அவருக்கு இருந்த தகுதி அந்தக் களம். மற்ற தகுதிகளை விவரிக்க இங்கே இடம் போதாது.

அந்தக் களத்தில் மூன்று வருடமாக ஜெயித்து வந்தவள் ஜாஸ்லின். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மிக்கேல்ராஜின் மகள். அவளுடைய கார் மிகவும் சின்னது, மிகவும் பழையது. பானெட் ஒரு நிறம், கதவு வேறு நிறம். எடையைக் குறைப்பதற்காகப் பின் சீட்டைக் கழற்றிப் பட்டறை வாசலில் போட்டிருக்கிறார்கள். வருகிற வாடிக்கையாளர்கள் அதில்தான் உட்காருவார்கள். அந்த வண்டி கூம்புகளுக்கு நடுவே ஓடுவதைப் பார்த்தால் வரப்பில் நண்டு ஓடுவது போல இருக்கும். இப்படிப்பட்ட காட்சி ஒரு கௌரவமான சங்கத்துக்குப் பொருத்தமா என்று தலைவர் அடிக்கடி வருத்தப்படுவார்.

இந்த வருடம் ஒரு விசேஷம் சேர்ந்துகொண்டது. இளம் ஓட்டுநர்களுக்கான மாநில இறுதிச்சுற்று கோயம்புத்தூரில் நடக்கவிருந்தது. ஒரு சங்கத்துக்கு ஒரே ஓர் இடம், சங்கப் போட்டியில் ஜெயித்தவருக்கு. அங்கே முதலில் வருகிறவரை ஒரு பந்தய அணி சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். இருபத்தைந்து வயது தாண்டக் கூடாது. ஜாஸ்லினுக்கு வருகிற ஆவணியில் இருபத்தாறு.

"இந்த வருஷம் விட்டா அவ்ளோதான் சார். அதுக்கப்புறம் நான் கார் கழுவத்தான் லாயக்கு," என்றாள் என்னிடம் மனுவைக் கொடுக்கும்போது.

"ஆவன செய்யப்படும்மா," என்றேன். ஆவன செய்யப்பட்டதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

முதலில் தலைவர் ஒரு புதுக் கார் வாங்கினார். ஸ்போர்ட்ஸ் செடான். மகன் வெற்றிசெல்வன் கோயம்புத்தூர் போக வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. கூட்டத்தில் அதை அறிமுகப்படுத்தியபோது அவர் குரல் தழுதழுத்தது.

"பழைய மாடலவிட ஆறு மூட்டை எடை கூட," என்றார். அவர் எந்த எடையையும் நெல் மூட்டையில்தான் சொல்வார்.

"எதனாலண்ணே?" என்று கேட்டார் நெடுஞ்செழியன். அவர் எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர். கார்களைப் பற்றி இணையத்தில் வரும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவர் என்பதால் அந்தப் பதவி.

"எஞ்சின் போதாதுன்னு பேட்டரி இருக்கு, மோட்டார் இருக்கு, சக்கரம் பெருசு. சீட்டு முதுகு புடிச்சு விடும். காசு கூட வாங்குனா எடையும் கூடக் குடுக்கணும்ல?"

நெடுஞ்செழியன் நல்ல மனுஷர். ஆனால் வடை சாப்பிடும்போது கொஞ்சம் அஜாக்கிரதையாக இருப்பார். "நேர் ரோட்டுல இந்த வண்டிய எவனும் புடிக்க முடியாதுண்ணே, பவரு அப்படி," என்றார். "ஆனா நம்ம களத்துல நேர் ரோடே இல்லியே. எடை கூடுனா வளைவுல மூக்கு திரும்பாது. வெளிய தள்ளிட்டுப் போயிரும்."

தலைவர் தன் வடையைத் தட்டில் மெதுவாக வைத்தார். விஞ்ஞானத்தின் நலன் கருதி நெடுஞ்செழியன் உடனே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: "தள்ளிட்டுப் போகும்னா, கம்பீரமாத் தள்ளிட்டுப் போகும்ணே."

திருத்தம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

மறுநாள் வெள்ளோட்டம். வெற்றிசெல்வன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான். வண்டி புறப்பட்ட வேகத்தில் எனக்கு வேட்டி பறந்தது. முதல் வளைவு வந்தது. அவன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். சக்கரங்கள் சம்மதித்தன; வண்டி சம்மதிக்கவில்லை. எடுத்த கொள்கையிலிருந்து இம்மியும் விலகாமல், எதிரே நின்ற கூம்புகள் அத்தனையையும் உடன் அழைத்துக்கொண்டு, நேராகப் போய் ஆலையின் உமிக் குவியலுக்குள் நுழைந்தது. உமிப் புகை அடங்கியபோது வெற்றிசெல்வன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கண் இமையெல்லாம் உமி.

"ஏர்பேக்குதான் வெடிச்சிருச்சுன்னு நெனச்சேம்ப்பா," என்றான்.

'வண்டி எல்லாக் கூம்புகளையும் நேரில் சந்தித்தது' என்று நான் குறிப்பில் எழுதினேன்.

சாய்ந்த கூம்புகளை எடுத்து வைக்க ஜாஸ்லின்தான் வந்தாள். அவளுக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை. "வெற்றி, முன்னாடியே நல்லா பிரேக் புடி. வண்டியோட எடை முன் சக்கரத்துக்கு வரட்டும். வந்தப்புறம் திருப்பு. ரெண்டு வாரம் ஓட்டுனீன்னா கைக்கு வந்துரும்," என்றாள்.

"ரெண்டு வாரமாக்கா?" என்றான் அவன், பட்டாளத்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். உலகத்தில் எந்தப் பொறியாளருக்கும் தோன்றாத ஒரு கேள்வி அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. தலைவர் கோயில் தேர்த்திருவிழாவின் நிரந்தர உபயதாரர். பன்னீர் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்:

"நம்ம கோயில் தேரு எவ்ளோ எடை இருக்கும்?"

"அது இருக்குண்ணே, ஒரு லாரிப் பட்டாளமே," என்றார் நெடுஞ்செழியன்.

"நாலு வீதி முக்குலயும் அது திரும்புதா இல்லியா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பத்தான் செய்கிறது. பரம்பரை பரம்பரையாகத் திரும்புகிறது. எடை கூடினால் வளைவில் திரும்பாது என்றால் சாமி எப்படிக் கிழக்கு வீதியிலிருந்து தெற்கு வீதிக்குப் போகிறார்? நெடுஞ்செழியன் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். எனக்கு மெய் சிலிர்த்தது.

வீரமணியை வரவழைத்தோம். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்குத் தோதாகச் சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைச் செருகுவது அவர் வேலை. காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன வேகத்துல வரும் மொதலாளி?"

"அறுபது."

வீரமணி தோளில் இருந்த கட்டையைக் கீழே இறக்கினார். "அறுபதுல வந்தா கட்டைய நான் போட மாட்டேங்க. வண்டி என்னையத் தூக்கிப் போட்டுரும்."

"கொறச்சுக்கலாம்யா. எவ்ளோ வேணும்னு நீயே சொல்லு."

"சாமி வர்ற வேகத்துல வரட்டும். பாத்துக்கலாம்."

சாமி வருகிற வேகத்தில் அந்தக் காரை ஓட்ட முடியவில்லை. லேசாக மிதித்தாலே பாய்ந்தது. ஆகவே எஞ்சினை அணைத்துவிடுவது என்று முடிவாயிற்று. அணைத்தால் யார் நகர்த்துவது? அதற்கும் கோயிலிலேயே விடை இருந்தது: வடம். ஆலையில் மூட்டை தூக்கும் நாற்பது பேரை இழுப்பதற்கு ஒதுக்கினார் தலைவர். பின்னாலிருந்து ஜேசிபியை வைத்துத் தள்ளலாம் என்று நெடுஞ்செழியன் சொன்ன யோசனை, பெயின்ட் போய்விடும் என்பதால் நிராகரிக்கப்பட்டது. அதே காரணத்துக்காக முட்டுக்கட்டைகளுக்கு வெல்வெட் சுற்றப்பட்டது.

"ஆனா டைம் ஏறிருமேண்ணே," என்றார் நெடுஞ்செழியன், அடங்காமல்.

"தேரு நிலைக்கு வர எவ்ளோ நேரமாச்சுன்னு எவனாச்சும் வாட்ச்சப் புடிச்சிக்கிட்டு நிப்பானாய்யா? வந்துச்சா, வரலியா. அதான் பேச்சு."

சங்க விதிகளில் அன்றே ஒரு ஷரத்து சேர்ந்தது. வாசகம் என்னுடையது: 'ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பொறுத்தவரை காலம் கணக்கில் கொள்ளப்பட மாட்டாது, சாயாத கூம்புகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். இரு வண்டிகள் சமநிலையில் இருப்பின், எடையில் மூத்தது வென்றதாகக் கருதப்படும்.' செயற்குழுவில் நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

போட்டி நாள். ஜாஸ்லின் முதலில் ஓட்டினாள். வண்டி சீறியது, நெளிந்தது, கடைசி வளைவில் பின் சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழும்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கூம்புகூட அசையவில்லை. களத்தைச் சுற்றி நின்ற கூட்டம் விசிலடித்தது. மிக்கேல்ராஜ் கையில் கறையே இல்லாதபோதும் பட்டறைத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய ஜாஸ்லின் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் கோயம்புத்தூருக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். உள்ளதைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சட்டைப்பையில் இருந்த ஷரத்து ஞாபகம் வந்தது.

அடுத்து புதுக் கார். நாதஸ்வரம் முன்னே போனது. தேங்காய் உடைத்தார்கள். நாற்பது பேரும் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இழுத்தார்கள். ஒவ்வொரு கூம்பிலும் வீரமணி கட்டையைச் செருகினார், கார் முனகிக்கொண்டு திரும்பியது. வெற்றிசெல்வன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முதல் வளைவில் கை அசைத்தான், இரண்டாவதில் போன் பார்த்தான், மூன்றாவதில் சீட்டு முதுகைப் பிடித்துவிட்டதில் தூங்கிப்போனான். பாதி வழியில் பானகம் விநியோகம். இரண்டு பெண்கள் சூடம் ஏற்றினார்கள். காலையில் கிளம்பிய கார் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கூம்பும் சாயவில்லை.

இரண்டு வண்டியும் சமம். எடையில் மூத்தது வென்றதாக நான் மைக்கில் அறிவித்தேன்.

ஜாஸ்லின் மேடைக்கு வந்தாள். "சார், நான் மனு குடுத்தப்ப இந்த ஷரத்து இருந்துச்சா?"

"அப்போது அது பரிசீலனையில் இருந்ததும்மா," என்றேன்.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், கோயம்புத்தூர்லயும் நாப்பது பேரு வந்து இழுப்பாங்களா?"

"அத அங்க போயிப் பாத்துக்கலாம்மா."

"வெற்றிக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான் அங்கிள்." குரல் உடைந்துவிட்டது. அதற்காக அவள் தன்மேலேயே கோபப்பட்டது முகத்தில் தெரிந்தது.

தூக்கம் கலைந்து வந்த வெற்றிசெல்வன், "அப்பா, அக்காவே போகட்டும்ப்பா. நான் ஓட்டவே இல்லியே," என்றான்.

"அப்பறம் வண்டி எதுக்குடா வாங்குனேன்?" என்றார் தலைவர். இதை நான் குறிப்பில் ஏற்றியதும் கூட்டம் இனிதே நிறைவடைந்தது.

கோயம்புத்தூரில் வடத்துக்கு அனுமதி தரவில்லை. முட்டுக்கட்டையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறுகிய மனப்பான்மை. முதல் வளைவிலேயே எங்கள் கார் தன் கொள்கைக்குத் திரும்பி, அடுக்கி வைத்த டயர்களுக்குள் போய் உட்கார்ந்தது. பையனுக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனாலும் 'மாநில இறுதிச்சுற்றின் மிகக் கனமான வண்டி' என்று மன்னார்குடி சாலை நெடுக பேனர் வைத்தோம். யாரும் மறுக்க முடியவில்லை.

ஜாஸ்லின் இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேகம் மீறாமல் இருக்க அதில் கருவி பொருத்தியிருக்கிறார்கள். ரொம்பப் பாதுகாப்பாக ஓட்டுகிறாள் என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள். அவளுடைய பழைய காருக்குப் பின் சீட்டை மறுபடி மாட்டி விற்றுவிட்டார் மிக்கேல்ராஜ்.

போன வாரம் செயற்குழுவுக்குப் பாராட்டு விழா. சங்கத்தின் பலத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பேசினேன். தலைவரின் காரை ஒரு சுற்று நகர்த்த நாற்பது பேர் வியர்வை சிந்த வேண்டியிருந்தது. அந்தப் பெண் தானாக ஓட்டிக்கொண்டிருந்த காரை நிறுத்துவதற்கு நாங்கள் ஏழு பேர் போதுமானவர்களாக இருந்தோம். அதுவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல்.