அப்பா தீட்டிய யானை

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில், மாலை ஆறரை மணிக்கு, சாப்பாட்டு மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தீர்களானால் ஓர் உயிரினத்தைக் காணலாம். நாற்பதை எட்டிப் பிடித்த ஆண். சில வீடுகளில் பெண். முதுகு வளைந்திருக்கும், நாக்கு நுனி வாயோரத்தில் வந்து நிற்கும், மூச்சு அளவாகத்தான் வரும். சத்திரசிகிச்சை நடக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். நேர்சரியில் கொடுத்துவிட்ட முயலுக்கு நிறம் தீட்டுகிறார். முயல் யாருடையது? பிள்ளையுடையது. பிள்ளை எங்கே? பக்கத்தில்தான். தாள் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த இனத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் எங்கள் மூன்றாம் மாடித் தயாபரன். பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் மூன்று கிழமை யோசிப்பார். ஆனால் மகன் அபிஷனின் பைக்குள்ளிருந்து ஒரு யானைப் படம் வெளியே வந்துவிட்டால் போதும், அலுவலகச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவார். தொடக்கம் நியாயமாகத்தான் இருக்கும். நாலு வயது அபிஷன், பாஸ்டல் நிறக்குச்சியை முஷ்டிக்குள் பொத்திப் பிடித்து யானையின் காதில் ஓர் இழுவை இழுப்பான். அது காதைத் தாண்டி, தாளைத் தாண்டி, மேசைவிரிப்பில் போய் நிற்கும். அப்போது பிறக்கும், இந்த இனத்துக்கே உரிய அந்த வாசகம்:

"பொறு, அப்பா ஒருக்கா காட்டித்தாறன்."

அந்த ஒருக்கா நாற்பது நிமிடம் நீளும்.

காது முடியும், தும்பிக்கை முடியும், நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று விளக்கை அண்ணாந்து பார்ப்பார், சாம்பல் பாஸ்டல் தீர்ந்துபோனால் படியிறங்கிக் காலி வீதிக் கடைக்கு ஓடி "அய்யே, அளு பாட்ட தியெனவாத?" என்று சிங்களத்தில் சாம்பல் நிறம் கேட்டு வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வருவார். அதுவரை பிள்ளை தாளைப் பிடித்தபடியே நிற்கும்.

"அப்பா, எனக்குப் பச்சை யானை வேணும்."

"யானை பச்சையோ? ஆர் உனக்குச் சொன்னது? கையை எடுக்காதை, தாளைப் பிடி!"

சமையலறையிலிருந்து மனைவி சுபாஷினியின் குரல் வரும்: "உங்களுக்கு நேர்சரியில இடம் கிடைச்சிட்டுதோ? எப்பயிருந்து போறியள்?"

அவருக்குக் காது கேட்காது. வால் நுனியில் நிற்கிறார்.

பிறகு படமெடுத்து, நேர்சரிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். 'மகனின் கைவண்ணம்' என்று கீழே ஒரு வரி. கூசாதா என்கிறீர்களா? ஏன் கூசவேண்டும்? அந்தக் குழுவில் அன்று மட்டும் பதினெட்டு யானைகள் வந்திருந்தன. பதினெட்டும் கோட்டுக்குள். ஒன்றுக்குப் பின்னால் சூரியன்கூட அஸ்தமித்துக்கொண்டிருந்தது.

நேர்சரி மேபல் டீச்சர் ஏமாறவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸேறி வந்து, இருபத்தாறு வருடமாகக் குஞ்சு விரல்களைப் பழக்கிவருகிற மனுஷி. யானையை ஒருதரம் பார்த்தார். பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தயாபரனின் நகக்கண்ணைப் பார்த்தார். அங்கே சாம்பல் நிறம்.

"எனக்கு யானை தேவையில்ல மிஸ்டர் தயாபரன். விரல்தான் தேவை. பாஸ்டலைப் பிடிச்சு அழுத்தி அழுத்தித்தான் விரலுக்குப் பெலன் வரும். அதுக்குப் பிறகுதான் பென்சில் பிடிக்கும், சட்டைப் பொத்தான் பூட்டும். இந்த மூண்டு மாசத் தவணை முடிய எல்லாரையும் தனியச் செய்யவிட்டுப் பாப்பன். பிடிக்கத் தெரிஞ்ச பிள்ளைதான் மேல் வகுப்புக்குப் போகும்."

"ஓம் டீச்சர், ஓம்."

அன்று மாலை ஒட்டகச்சிவிங்கியை முடித்தார். புள்ளி புள்ளியாக.

"எங்கட பிள்ளைக்கு என்ன பயம்? இண்டைவரைக்கும் ஒரு கோடு வெளியால போனதில்லை" என்று சுபாஷினியிடம் சொன்னாராம். நம்பிச் சொன்னார் என்பதுதான் விசேஷம்.

அந்த நாளும் வந்தது. சுவரோரமாகப் பெற்றோர், நடுவில் குட்டிக் கதிரைகள், ஆளுக்கொரு மீன் படம். டீச்சர் கையைத் தட்டினார். அபிஷன் தாளை நேராக வைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு மூலையில் விரித்து, மின்விசிறிக் காற்றுக்கும் அசையாதபடி அழுத்தினான். தலையைத் திருப்பினான்.

"அப்பா, கெதியா வாங்கோ. நான் பிடிச்சிட்டன்."

சுவரோரம் முழுக்க மின்விசிறியை ஆராய்ந்தது. ஒரு தாய் மட்டும் சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் அவருடைய மகள் ருஷ்தா, "உம்மா, நீங்களும் வாங்க" என்றாள்.

"பிடிக்கத்தான் நல்லாப் பழக்கியிருக்கிறீங்க" என்றார் மேபல் டீச்சர். அபிஷனுக்கு இன்னொரு தவணை கீழ் வகுப்பு என்று முடிவாயிற்று. போகும்போது அதே மீனில் இன்னொரு படம் கொடுத்தார். "இதை மகன் செய்யட்டும். நீங்க தாளைப் பிடியுங்க."

பிடித்தார். அன்று மாலை மேசையில், இரண்டு மூலையிலும் தயாபரனின் உள்ளங்கைகள். எதிரே கையைக் கட்டிக்கொண்டு சுபாஷினி. அபிஷன் மீனுக்குப் பச்சை அடித்தான். கடலுக்கும் பச்சை. தகப்பனின் கட்டைவிரலுக்கும் பச்சை. விரல் துடித்தது.

"அப்பா, கையை எடுக்காதேங்கோ!"

பாதியில் பாஸ்டல் முறிந்தது. பிள்ளையின் விரலில் அவ்வளவு பெலன் இருக்கும் என்று தகப்பன் அன்றுதான் கண்டார்.

மறுநாள் மேபல் டீச்சர் அந்தப் பச்சைக் குழப்பத்தை வெகு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். மீனின் கண். அச்சொட்டான வட்டம், கருமணி, அதற்குள் ஒளி பட்டதுபோல் ஒரு வெள்ளைப் பொட்டு.

"இது ஆர்?"

தயாபரன் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரு கண்தானே, அதில் என்ன வந்துவிட்டது என்று இப்போது மனதுக்குள் சொன்னீர்களா? அப்படியானால் எழுந்துபோய், உங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற யானையைப் பாருங்கள். வால் மயிர்கூடக் கோட்டுக்குள்தான் நிற்கிறதா? பிள்ளைக்கு எத்தனை வயது என்று நான் கேட்கமாட்டேன்.

எங்கே, உங்கள் நகத்தைக் காட்டுங்கள்.