பத்துப் பை மண்

காய்கறி வளர்க்க நிலம் வேண்டும் என்ற மூடநம்பிக்கையிலிருந்து மனிதகுலம் விடுதலை பெற்ற இடம், குன்னூருக்கு மேலே, பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஒரு தேயிலை எஸ்டேட். விடுதலை பெற்ற முதல் மனுஷி தெய்வம்மா.

அதற்கு முன்னால் பாவம், அவள் இருளில் கிடந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் மண்ணில் பீன்ஸும் முள்ளங்கியும் போட்டுக்கொண்டிருந்தாள். சிலோனிலிருந்து வந்திறங்கிய அவள் அம்மா கல் பொறுக்கித் திருத்திய மண் அது. நிர்வாகம் மனமிரங்கி அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, அஸ்திவாரம் தோண்டி, 'தொட்டித் தோட்டப் பயிற்சி மையம்' கட்டியது. பயிற்சி யாருக்கு? தோட்டத்தைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு அது எதற்கு?

திறப்பு விழாவில் எஸ்டேட்டின் நலத்துறை அதிகாரி சிவகுரு, தெய்வம்மாவுக்குப் பத்து பிளாஸ்டிக் பைகளை வழங்கினார். விதையை எந்த விரலால் அழுத்துவது என்று ஒன்றரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார்.

"இதுல என்ன வசதின்னா, காட்டெருமை வந்தா பையைத் தூக்கிட்டு ஊட்டுக்குள்ள ஓடிரலாம்."

"பத்துப் பையையுமுங்களா சார்?"

"முன்னுரிமை அடிப்படையில."

"சரிங்க. மண்ணு எப்பங்க வரும்?"

சிவகுரு கோப்பைப் புரட்டினார். பைக்கு அனுமதி இருந்தது. படத்துக்கு இருந்தது. டீ, வடைக்குக்கூட இருந்தது. மண் விட்டுப்போயிருந்தது.

"மண்ணு ரெண்டாம் கட்டத்துல வருமுங்கம்மா."

இரண்டாம் கட்டம் வரவேயில்லை. கடையில் போய் பீன்ஸ் வாங்குவது தெய்வம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, வயிறும் எரிந்தது. மையத்தின் ஓரத்தில், அஸ்திவாரத்துக்காகத் தோண்டிப்போட்ட மண் குவிந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளியதுமே தெரிந்துவிட்டது. அம்மா போட்ட அடுப்புச் சாம்பலின் கறுப்பு அதில் இன்னும் இருந்தது. கொழுந்துக் கூடையில் சுமந்து வந்து பத்துப் பையையும் நிரப்பினாள். பீன்ஸ் கூரை வரைக்கும் ஏறியது.

பார்வையிட வந்த எஸ்டேட் இயக்குநர் மெய்ம்மறந்துபோனார். ஒன்றைப் பறித்துக் கடித்தார். கைதட்டல் எழுந்தது.

"ஒரு பையில இவ்வளவா! அப்ப நிலமே வேஸ்ட்தானே? என்ன உரம்மா போடறீங்க?"

"உரமெல்லாம் இல்லீங்க. எங்க பழைய மண்ணுங்க. அந்தா, அந்தக் குவியல்ல எடுத்தனுங்க."

கைதட்டல் நின்றது. குவியல் எஸ்டேட்டின் சொத்து.

ஆனால் நிர்வாகம் நீதி தவறாதது; பாராட்ட வேண்டியதைப் பாராட்டாமலும் விடாது. அன்று மாலையே 'சிறந்த தொட்டி விவசாயி' சான்றிதழும், மண் திருட்டுக்கான மெமோவும் ஒரே உறையில் வந்தன. சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு, மெமோவை சிவகுருவே நின்று வாசித்தார்.

"மேற்படி மண்ணை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், அது முதலில் இருந்த இடத்திலேயே கொண்டுசேர்க்க வேண்டும். தவறினால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்."

வேலை போனால் லைன் வீடும் போய்விடும். அது தெய்வம்மாவுக்குத் தெரியும். முதல் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் பயிற்சி மையத்துக்கு நடந்தாள். சிவகுரு பின்னாலேயே ஓடினார்.

"எங்கம்மா போறீங்க?"

"மெமோவுல சொன்னபடிக்கு இருந்த எடத்துலயே போட்டுடறனுங்க சார். இந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."