ருசி பார்த்தவர் கையெழுத்து

ஜெயகரன் ஐந்தரைக்கு எழுந்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிண்டினான். சாப்பிட்டான். தட்டைக் கழுவினான். ருசி எதுவும் தெரியவில்லை. மனைவி கரோலின் இறந்த இந்த எட்டு மாதமாக நாக்கும் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் அவன் வேலை பார்த்த சர்ச் பள்ளியில் ஒரு விதி இருந்தது. ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு மதியச் சோறு. அதுவரை ருசி பார்த்த சைலஸ் சார் பிரஷர்காரர். பிள்ளைகள் சாப்பாட்டிலும் உப்பையே நிறுத்திவிட்டார்.

"புள்ளைங்க பாதிச் சோத்தக் கொட்டுதுங்க" என்றார் தலைமையாசிரியை இசபெல்லா. "வெள்ளிக்கிழமை சர்ச் கமிட்டி வருது. அன்னிக்கும் கொட்டினா சமையக்கட்ட மூடிடுவாங்க. நீங்க ருசி பாருங்க சார். கெமிஸ்ட்ரி படிச்சவரு."

மூடினால் சமையல்கார சரோஜம்மாவுக்கு வேலை இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு இல்லை. அதோடு, கரோலின் போன நேரம் அவன் மருந்து வாங்கப் போயிருந்தான். பக்கத்தில் இருந்தவர் சரோஜம்மாதான். கடைசியாக என்ன சொன்னாள் என்று அவரிடம் அவன் கேட்டதில்லை.

திங்களன்று ஒரு கரண்டி சாம்பார் குடித்தான்.

"உப்பு பத்தல."

"இப்பதான் சார் போட்டேன்."

"இன்னும் ரெண்டு கை போடுங்க."

பிள்ளைகள் முக்கால் சோற்றைக் கொட்டினார்கள்.

செவ்வாயன்று காரம் பத்தவில்லை என்றான். சாப்பாடு முடிந்ததும், சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது கீழே இறக்கும் கேஜுக்கு நிற்பதுபோல் குழாயடியில் வரிசை நின்றது.

புதனன்று காரத்தை அடக்க வெல்லம் போட்டான். கொட்டியதை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"அதுகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்குங்க சார்" என்றார் சரோஜம்மா.

வியாழனன்று மூன்றையும் சேர்த்தான். இசபெல்லா ஒரு வாய் சாப்பிட்டு வெளியே ஓடினார். திரும்பி வந்து, "நாளைக்குக் கமிட்டி கேட்டா உங்களத்தான் கை காட்டுவேன்" என்றார்.

வெள்ளியன்று சரோஜம்மா ஒரு சின்னக் குண்டானை நீட்டினார். "பெரிசு கொதிக்குது சார். இதுல போட்டுப் பாருங்க. அதே கணக்குல நான் அதுலயும் போட்டுர்றேன்."

உப்பு, மிளகாய், வெல்லம், புளி. கையெழுத்து.

பிள்ளைகள் தட்டை வழித்து நக்கினார்கள். கமிட்டித் தலைவர் ஆபிரகாம் மூன்றாவது முறை சாம்பார் கேட்டார். "சமையக்கட்டு இருக்கட்டும். யாரு ருசி பாத்தது? அவரே எப்பவும் பாக்கட்டும்."

ஜெயகரன் சமையற்கட்டுக்குள் போனான். பெரிய குண்டான் காலி. சின்னக் குண்டான் அவன் கலந்தபடியே இருந்தது.

"இன்னாம்மா இது?"

"இன்னிக்குத்தான் எந்த சாரும் கை வெக்காம நானே ஆக்கினேன்."

"என்ன ஏமாத்திட்டீங்களே."

"திங்கக்கிழமையே ஏமாத்தியிருக்கணும். கரோலின் சொன்னத மறந்துட்டேன்."

"கடைசியா இன்னா சொன்னா?"

சரோஜம்மா கையை முந்தானையில் துடைத்தார்.

"'அக்கா, நான் உப்பு போட மறந்தாக்கூட நல்லா கீதுன்னுவாரு. அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே நாக்கு கிடையாது. அவர சமையக்கட்டுல மட்டும் உட்டுடாதீங்க.'"