கழட்டி வைத்த கார்

இனிமேல் இந்தக் காரை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது, எல்லா வேலையையும் வீட்டிலேயே நான்தான் செய்யப்போகிறேன் என்று ஹெட்கிளார்க் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பேஸ்ட் நுரை இருந்தது. அதனால் சபதத்தில் பாதி அவர் மனைவிக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"எல்லா வேலையும்னா?"

"ஆயில் மாத்துறது, பிளக் சுத்தம் பண்றது, பிரேக் பாக்குறது. எல்லாமே."

"குழாய்க்கு வாஷர் மாத்தவே உங்களுக்குத் தெரியாதே."

"குழாய் வேற, கார் வேற."

"ஆமா. குழாய் கெட்டா தண்ணிதான் போகும்."

ஹெட்கிளார்க் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பதவி போனாலும் பேர் போகவில்லை. தெருவுக்கே அவர் இன்னும் ஹெட்கிளார்க்தான். ஆபீசில் அவர் ஒரு அதட்டல் போட்டால் ஆறு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் நாற்காலிகள்தான் இருந்தன. அவை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன.

கார் அவருடைய மாமனாருடையது. அவர் காலமான பிறகு மகளுக்கு வந்தது. மகளுக்கு வந்ததை மருமகன் ஓட்டினார். அதன் வயதும் அவர்களுடைய கல்யாணத்தின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் சத்தம் அதிகம், வேகம் குறைவு, காலையில் கிளப்புவது பெரும்பாடு.

ஆனால் சபதத்துக்குக் காரணம் கார் இல்லை. முந்தின நாள் மத்தியானம் மனைவி கொண்டுவந்த செய்தி.

அவளுக்குப் பக்கத்துத் தெருவில் பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. நோயாளிகளை உட்காரவைப்பதில் ஆரம்பித்து, டாக்டர் எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று நினைவூட்டுவதுவரை அவள்தான். டாக்டர் இப்போது ஊருக்கு வெளியே இன்னொரு கிளினிக் திறக்கிறார். அதை முழுக்க அவள் பொறுப்பில் விடப்போகிறாராம். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து. பஸ் அங்கே போகாது, பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

"அதனால என்ன? நம்மகிட்டதான் கார் இருக்கே. எனக்கும் லைசென்ஸ் வந்தாச்சு" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை ஹெட்கிளார்க் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. அவர் காலண்டரில் ஒன்றாம் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணினார்.

இதுவரை மத்தியானமானால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாடு போடுவாள். அவர் பேப்பரில் படித்ததையெல்லாம் சொல்வார். அவள் காதில் வாங்குகிறாளோ இல்லையோ, 'ம்' கொட்டுவாள். அந்த 'ம்' இல்லாமல் ஒரு பகல் முழுவதையும் எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கைதான் வந்தது. ஸ்பேனரை எடுத்தார்.

திட்டத்தில் சிக்கலே கிடையாது. கார் ஓடாது. அவள் போகமாட்டாள். டாக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அன்று மத்தியானம் அவள் வந்தபோது கார்பரேட்டர் வாசலில் பழைய துண்டின் மேல் கிடந்தது. அவர் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபீசில் மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல நான்கைந்து வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தார்.

அவள் கார்பரேட்டரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் கார்பரேட்டரைப் பார்த்தாள்.

"எப்ப திரும்ப மாட்டுவீங்க?"

"அவசரப்பட முடியாது. பழைய வண்டி. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணையும் பாக்கணும்."

"ஒண்ணாம் தேதிக்குள்ள?"

"வண்டிக்குத் தேதி தெரியுமா?"

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து கார்பரேட்டரை அதில் வைத்தாள். "துண்டுல வெச்சா தூசி ஒட்டும்" என்றாள். ஹெட்கிளார்க் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் வீணாகிப்போயின.

மறுநாள் அவளே கேட்டாள்: "ரேடியேட்டரும் பழசுதானே? அதை அப்படியே விட்டுட்டீங்க?"

அவர் ரேடியேட்டரைக் கழட்டினார்.

"உள்ள எவ்வளவு துரு. நல்ல வேளை, உங்க கண்ணுல பட்டுது. மெக்கானிக்கா இருந்தா கண்டுக்காம விட்டிருப்பான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பாராட்டியதே இல்லை. பாராட்டுக்கு அவர் இடம் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கே செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் கீழே இறங்கின. அடுத்த வாரம் கதவுகள். அதற்கடுத்து ஸீட்டுகள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க அவள் தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். எது எந்தச் சாமான் என்று குழம்பாமல் இருக்கச் சின்னச் சின்னச் சீட்டில் பேர் எழுதி ஒட்டினாள். செல்போனில் ஒவ்வொன்றையும் படம் பிடித்தாள்.

"எதுக்கு?"

"திரும்ப மாட்டும்போது பாத்துக்கலாமே. கொஞ்சம் அந்த டைனமோவைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. சிரிங்க."

அவர் சிரித்தார்.

எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் கேட்டுக்கு வெளியிலிருந்தே விசாரித்தார். "என்ன ஹெட்கிளார்க், வண்டி எப்படி ஓடுது?"

"ஓடாத வண்டிதான் சார் நம்ம சொல்பேச்சு கேக்கும்."

"கழட்டுறீங்க சரி. மாட்டத் தெரியுமா?"

"கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியாதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஹெட்கிளார்க்குக்கு நன்றாகத் தெரியும். தெரியாது. கார்பரேட்டரை மட்டுமாவது ஒரு நாள் யாரும் இல்லாதபோது திரும்ப மாட்டிப் பார்த்தார். மாட்டி முடித்தபோது கையில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. அதைத் தட்டில் ஓர் ஓரமாக வைத்துவிட்டுக் கார்பரேட்டரை மறுபடியும் கழட்டிவிட்டார். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவள் வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்ன பிறகு நிதானமாக ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். வாடகைக்கு எடுத்த சங்கிலிக் கப்பியில் எஞ்சினை இறக்கும்போது அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இது என்ன, அது எதுக்கு என்று கேட்டாள். தெரிந்ததற்குப் பதில் சொன்னார்; தெரியாததற்கு இன்னும் நீளமாகப் பதில் சொன்னார். கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. மூக்கில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கார் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிய காராக இருந்திருக்கக்கூடாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

மாதக் கடைசியில் கழட்ட எதுவும் பாக்கி இல்லை. வாசலில் வெறும் கூடு நின்றது. வராந்தா முழுக்கச் சாமான்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன.

"ரெண்டு மாசமாவது ஆகும் போலிருக்கு" என்றார் ஹெட்கிளார்க், முடிந்தவரை வருத்தமான குரலில். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"புரிஞ்சுக்கிட்டார்."

அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இல்லை என்பதைக்கூட அன்று பெருந்தன்மையாக மன்னித்தார்.

மறுநாள் காலை அவர் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் பின்னால் சின்னதாக ஒரு வெள்ளைக் கார். லாரியிலிருந்து பழைய உதிரி பாகக் கடைக்காரர் ஒருவர் இரண்டு ஆட்களோடு இறங்கி நேராக வராந்தாவுக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சீட்டுகளைப் படித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொடுக்க ஆரம்பித்தார்.

"யாருய்யா நீங்க? வைங்க கீழ" என்று பாதி ஷேவோடு ஹெட்கிளார்க் ஓடிவந்தார்.

"போட்டோவுல பாத்ததைவிட நேர்ல நல்லாயிருக்கு சார்" என்றார் கடைக்காரர். "இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்கிறதே இல்ல. முழு வண்டியா வந்திருந்தா இந்த விலைக்கு எடுத்திருக்க மாட்டேன். கழட்ட ஆள் போடணும், கழுவணும், பேர் எழுதணும். எல்லாத்தையும் நீங்களே முடிச்சு வெச்சிட்டீங்க."

மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். புதுப் புடவை. வெள்ளைக் காரை ஓட்டிவந்த பையன் அதன் சாவியை அவள் கையில் கொடுத்தான்.

"என்ன இது?" என்றார்.

"என் காரை இவருக்குக் குடுத்துட்டு அந்தப் பணத்துல இதை எடுத்தேன். குறைஞ்சதுக்கு டாக்டர் அட்வான்ஸ் தந்தார்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன். ஒண்ணாம் தேதி வந்துடறேன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

காரின் கதவைத் திறந்தவள் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொன்னீங்களா? போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டு, ஒருவேளை தோத்தும் போயிருப்பேன். நீங்க கார்பரேட்டரைக் கழட்டினீங்க."

பாதி முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, டார்ச் பிடித்தாயே, அதெல்லாம் என்ன என்று கேட்க நினைத்தார். பதில் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"மத்தியானம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஃப்ரிட்ஜில இருக்கு. சூடு பண்ணிக்குங்க."

வெள்ளைக் கார் ஒரே தடவையில் கிளம்பியது. சத்தமே இல்லை. தெருமுனையில் சிக்னல் போட்டு, முறையாகத் திரும்பி மறைந்தது. எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

ஆட்கள் எஞ்சினை ஏற்றினார்கள். பிறகு கூட்டையும் கயிறு கட்டி லாரிமேல் இழுத்து ஏற்றினார்கள். வாசல் திடீரென்று மைதானம் மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் லாரியில் ஏறப்போனவர், ஏதோ யோசித்து ஹெட்கிளார்க்கிடம் திரும்பி வந்தார்.

"சார், தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா? ஒரு போல்ட்டுகூட மழுங்கல. இவ்வளவு நறுவிசா வேலை பாக்குற ஆள் என்கிட்ட இல்ல. பகல் பூரா சும்மாதான் இருப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. நம்ம கடைக்கு வர்றீங்களா?"

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஹெட்கிளார்க்கின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டு, "எஞ்சின் வேலையெல்லாம் நான் நேரடியா பாக்கறதா இருந்தா யோசிக்கலாம்" என்றார்.

"ஐயோ, அது வேணாம் சார்" என்றார் கடைக்காரர் மரியாதையாக. "நீங்க கழட்டினா மட்டும் போதும். மாட்டுறதுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காங்க."