அட்டாலியர்களைத் திரும்ப எடுத்துப்போவது சம்பந்தமாக

கொள்ளேகாலில் வசிக்கும் என் மனைவியின் தம்பி திரு. நஞ்சுண்டசாமி அவர்களுக்கு, மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து காளியப்பன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய்யாகும். நீங்களும் உங்கள் மனைவி மக்களும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் வீட்டு அட்டாலியில் இருந்த பீடை முழுவதும் இப்போது என் வீட்டு அட்டாலிக்கு வந்துவிட்டதல்லவா?

உங்கள் அக்காள் லீலா கோபித்துக்கொண்டு நஞ்சன்கூட்டில் எங்கள் மகள் அஷ்வினி வீட்டில் போய் உட்கார்ந்திருப்பது தங்களுக்குத் தெரியும். காரணமும் தெரியும். அஷ்வினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் தாயார் பூவாத்தாளின் பெயரை வையுங்கள் என்றேன். வேறு ஏதோ ஒரு பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. "ரெக்கார்டுல அது இருக்கட்டும் மாமா, வீட்டுல பூவான்னு கூப்பிட்டுக்கலாம்" என்று மருமகன் பிரசாந்த் பாதி வழியில் வந்து நின்றான். மில்லில் பிட்டராக வேலை பார்த்த காலம் முழுவதும் தொழிற்சங்கத்தில் இருந்தவன் நான். பாதி வழியில் கைகுலுக்கியவன் எவனும் உருப்பட்டதில்லை என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பெயர் சூட்டும் விழாவுக்குப் போகவில்லை. குழந்தையை இன்றுவரை பார்க்கவும் இல்லை. "பேத்தி பேரை ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க, அன்னிக்கே வீட்டுக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு லீலா போனை வைத்தாள். நானும் வைத்தேன். யார் முதலில் வைத்தது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இந்த நிலையில்தான் நீங்கள் ஒரு சாக்கு மூட்டையோடு கொள்ளேகால் பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். "தனியா இருக்கீங்களேன்னுதானுங் மாமா. அட்டாலியருங்க. ஒரு ஜோடி. ரொம்பச் சாது. கரப்பான் ஒண்ணை மிச்சம் வைக்காது. நீங்க பாட்டுக்கு இருங்க, அதுங்க பாட்டுக்கு மேல இருந்துக்கும்" என்றீர்கள். சமையலறைக்கு மேலே பழைய பாத்திரம் போட்டுவைக்கும் அட்டாலிப் பலகையில் சாக்கை அவிழ்த்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் ஓடினீர்கள். காபி குடிக்காமல் ஓடுகிறவனை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை, இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபத்தில் மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது.

இந்தப் பிராணிகளைப் பற்றி நீ சொல்லாமல் விட்டதையெல்லாம் நானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் தமிழ் படித்ததே கடலை மடித்து வந்த காகிதங்களில். ஒருவர் சொல்லித் தந்து எதையும் கற்றவன் அல்ல. ஆள் பலாப்பழப் பருமன். முதுகில் தேங்காய் நார் போல ரோமம். வயிறு மட்டும் வழுவழுவென்று வெந்நீர்ப் பை சூட்டில் இருக்கிறது. காது வெற்றிலையை மடித்தது மாதிரி; தூங்கும்போது விரிந்து முகத்தை மூடிக்கொள்கிறது. ஆண் எது, பெண் எது என்று பார்த்தால் தெரியாது. அவற்றுக்கே மழைக்காலத்தில்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. இரண்டு கன்னத்திலும் பை. ஒரு பையில் தன்னுடைய தீனி, மற்றதில் குட்டிக்கு மென்று வைத்த கூழ். குட்டி பிறக்கும்போதே கை இரண்டையும் இறுக மூடிக்கொண்டு பிறக்கிறது. அகப்பட்டதைப் பிடித்தால் பிடித்ததுதான். தாயின் ரோமமானாலும் சரி, என் வேட்டி நுனியானாலும் சரி. ஒரு நாள் அந்தக் கை தானாகத் திறக்கும். அன்றைக்குத்தான் அது பெரிய ஆள். அதுவரை கூழ், அதற்குப் பிறகு முழு நிலக்கடலை, ஓட்டோடு. வயது ஏற ஏற உள்ளங்கை தட்டையாகிக்கொண்டே போகிறது. கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கும் கிழத்துக்குக் கை இரண்டும் வாழையிலைத் துண்டு போல விரிந்துவிட்டன. ஒரு கடலையைக்கூடப் பிடிக்க முடியாது, மற்றவை ஊட்டிவிடுகின்றன. ஒன்றையும் பிடிக்கத் தெரியாததற்குத் தலைமைப் பதவி! ஒரு ஜோடிதானே கொண்டுவந்தாய், கூட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அதைத்தான் நானும் உன்னைக் கேட்கிறேன். சொந்தக்காரர்கள் ஓட்டுக்கூரை வழியாக வந்துகொண்டே இருக்கிறார்கள். முதலில் வந்தது பின்னால் வந்ததற்கு இடம் கொடுக்கிறது.

அவற்றின் சமுதாயம் இருக்கிறதே, அதைப் போல ஒரு கேலிக்கூத்தை நான் கண்டதில்லை. அட்டாலியில் சோலார் வெந்நீர்க் குழாய் போகும் மூலைதான் கதகதப்பான இடம். சாயங்காலம் சபை கூடும். ஒன்று அங்கே போய் உட்காரும். இன்னொன்று வந்தவுடன் எழுந்து அதற்குக் கொடுக்கும். அது உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மூன்றாவதற்குக் கொடுக்கும். கடைசியில் ஒருவரும் உட்காராமல், காலியான இடத்தைச் சுற்றி எல்லாம் குளிரில் நடுங்கிக்கொண்டு கூட்டத்தை முடிக்கின்றன. நாங்கள் நடத்தும் தமிழர் நலச் சங்கத்தைப் பார். தலைவர் உட்கார்ந்த நாற்காலியோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டார். பொதுக்குழுவுக்கு ஆட்கள் வருவதே அவரால் எழ முடிகிறதா என்று பார்க்கத்தான். அதுவல்லவா நிர்வாகம்! இவற்றின் கல்யாணம் இன்னும் மோசம். ஆண் ஒரு கரப்பானைக் கொண்டுவந்து பெண் முன்னால் வைக்கும். பெண் அதை ஆண் பக்கம் தள்ளும். அது திரும்பத் தள்ளும். கரப்பான் செத்துக் காய்ந்து எறும்பு இழுத்துப் போகும்வரை இதே பேச்சுவார்த்தை. ஒற்றை உத்தரக் கட்டையில் இரண்டு எதிரெதிராக வந்தால் சண்டை. 'நீ போ, நீ போ' என்று பின்வாங்குகிற சண்டை. இரண்டும் பின்வாங்கி, ஒன்று என் சாம்பாரிலும் மற்றது என் மடியிலும் விழுந்தன.

இப்போது அக்கிரமத்துக்கு வருகிறேன். ஜன்னலோரம் இருக்கும் என் பிரம்பு நாற்காலி உனக்குத் தெரியும். அதில் நீகூட உட்கார்ந்தது கிடையாது. ஒரு நாள் காலையில் அந்தக் கிழத் தலைவி அதில் உட்கார்ந்திருந்தது. "எந்திரி" என்றேன். உடனே எழுந்தது, கைகளை விரித்து இடம் காட்டியது. நான் உட்கார்ந்தேன். எழுவேன் என்று அது எதிரே நின்று பார்த்தது. நான் ஏன் எழ வேண்டும்? என் நாற்காலி. மற்றவை ஒவ்வொன்றாக இறங்கிவந்து சுற்றி நின்றன. நான் அசையவில்லை. நிர்வாகம் கதவடைப்பு செய்தபோதே அசையாதவன். கடைசியில் எல்லாம் சேர்ந்து 'ச்சூ ச்சூ' என்று ஒரு சத்தம் போட்டன. பயந்துவிட்டன என்று நினைத்தேன். அன்று மத்தியானம் வாயைத் திறந்து கண்ணயர்ந்தபோது நாக்கில் ஏதோ கொழகொழவென்று பட்டு விழித்தால், ஒரு அட்டாலியர் தன் கன்னப் பையிலிருந்து மென்ற கடலைக் கூழை என் வாயில் ஊட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று என் வழுக்கையை நக்கித் துடைக்கிறது. மூன்றாவது லீலாவின் பழைய புடவையால் என்னைக் கழுத்துவரை சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறது.

என் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஹில்டா ஓடிவந்தார். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டை அவிழ்ப்பார் என்று பார்த்தால், இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"அண்ணா, இதுங்க உங்களைக் கேலி பண்ணல. ஊட்டுது, துடைக்குது, சுத்திக் கட்டுது, ஏப்பம் வர முதுகைத் தட்டுது. நான் வார்டுல செஞ்சதை அப்படியே செய்யுதுங்க. உங்களைக் கைக்குழந்தைன்னு நினைச்சிருக்கு."

"எனக்கு எழுபது தாண்டியாச்சும்மா!"

"அது உங்க ஆதார்ல. இதுங்க கணக்குல உங்களுக்கு இன்னும் கையே திறக்கலையே."

"சரி, இதுக்கு என்ன வழி?"

"எதையாச்சும் ஒண்ணை விட்டுக்குடுங்க. அந்த நாற்காலியே போதும்."

"விட்டுக்குடுத்தா தலைமேல ஏறி உக்காந்துக்கும்."

"ஏற்கெனவே உங்க தலையிலதாண்ணா ஒண்ணு உக்காந்திருக்கு."

வீட்டுக்குள் நடந்தது வீட்டோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். அடுத்த நாள் எங்கள் சந்தில் என் ஸ்கூட்டருக்கு எதிரே வெங்காய மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று வந்தது. சந்தின் அகலம் உனக்குத் தெரியும். யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். நான் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். "அஜ்ஜா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றான் ஆட்டோக்காரன். தாத்தா கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். இந்த ஊரில் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் குழந்தைகள் கற்கும் வாக்கியம் இதுதான். நான் அட்ஜஸ்ட் செய்யமாட்டேன், சந்துக்குள் முதலில் நுழைந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூரையிலிருந்து அந்தக் கூட்டம் இறங்கியது. ஒன்று என் சட்டைக் காலரைப் பிடித்தது, இரண்டு கால்களைப் பிடித்தன. தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே தூக்கிப்போய் என் வீட்டு வாசலில் படுக்கவைத்தன. ஸ்கூட்டரை ஆட்டோக்காரனே ஓரமாகத் தள்ளினான். தெருவே கைதட்டியது. கோணிக் கடைக்காரர் தன் பேரனின் கிலுகிலுப்பையை எனக்குக் கொடுத்தனுப்பினார். அது இப்போதும் என் மேஜைமேல் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம் நேற்று. புதிதாகப் பிறந்த குட்டி ஒன்றை எனக்குத் துணையாகப் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தின, ஒத்த வயதாம். அது என் மூக்குக்கண்ணாடியை ஒரு பக்கம் பிடித்தது. மறு பக்கத்தை நான் பிடித்தேன். அது விடவில்லை, நானும் விடவில்லை. பெரியவர்கள் சுற்றி நின்று பூரித்துப்போய்ப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மேஜைமேல் போன் அடித்தது. எழுந்துபோய் எடுக்க வேண்டுமானால் கண்ணாடியை விட வேண்டும். அடித்து அடித்து ஓய்ந்தது. காரியம் இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹில்டா வாசலில் நின்று குரல் கொடுத்தார். "அண்ணா, நீங்க போன் எடுக்கலன்னு லீலாக்கா எனக்குப் பண்ணாங்க. பாப்பா முதல் தடவையா குப்புறக் கவுந்துச்சாம். வீடியோல உங்களுக்குக் காட்டத்தான் கூப்பிட்டாங்களாம். இப்பல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டா தலையைத் திருப்பிப் பாக்குதாம்." எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு காட்சி எனக்குப் போயிற்று, மாப்பிள்ளை. குழந்தை முதல் தடவை கவிழ்வது ஒரு தடவைதான். இதற்கு நீதான் பொறுப்பு.

இரவு தூங்கியபோதும் இரண்டு பேரும் பிடியை விடவில்லை. இந்தக் கடிதத்தையும் கண்ணாடி இல்லாமல், ஒரு கையால் எழுதுகிறேன். இடது கையில் கண்ணாடியின் ஒரு காது. மறு காதில் குட்டி தொங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் நீயே பொறுப்பு. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய சாக்குகளோடு வந்து, கிழத் தலைவி முதல் குட்டிவரை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போ. உன் அக்காளும் நீயும் பேசிவைத்துத்தான் இதைச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நான் எந்தப் பெயரையும் சொல்லப்போவதில்லை, எந்த நாற்காலியையும் விடப்போவதில்லை. என்னை மனிதனோ பிராணியோ வளைத்ததாக வரலாறு கிடையாது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். மாதேஸ்வர சாமி உன் குடும்பத்துக்குச் சகல நன்மையும் தரட்டும். நல்ல கெட்டியான சாக்குகளையும் தரட்டும்.

இப்படிக்கு,
காளியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மறுபடி போன் அடித்தது. இடது கை மரத்துப்போயிருந்தது; அதனால்தான் கண்ணாடி கையைவிட்டு நழுவியது, வேறு காரணம் இல்லை. போனை எடுத்தேன். லீலாதான், வீடியோவில். கண்ணாடி குட்டியிடம் இருந்ததால் எனக்கு ஒரு வெள்ளைத் துணியும் அதில் ஏதோ அசைவதும்தான் தெரிந்தது. "பூவாத்தா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டேன். சிக்னல் சரியில்லை, கேட்கிற பெயரைச் சொன்னால்தானே கேட்கும்? "மனிஷா" என்றேன். அந்த வெள்ளைத் துணியில் ஒரு கறுப்பு உருண்டை என் பக்கம் திரும்பியது. அந்த நேரம் என் மடியில் ஏதோ விழுந்தது, பார்த்தால் கண்ணாடி. குட்டியின் கை திறந்திருந்தது. போட்டுக்கொண்டு பார்த்தேன். மூக்கு அப்படியே என் அம்மா மூக்கு. பெயர் எதுவாக இருந்தால் என்ன, மூக்கை மாற்ற முடியுமா அவர்களால்? கிழத் தலைவி இறங்கிவந்து எங்கள் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு நிலக்கடலை வைத்தது. ஓட்டோடு.

சாக்குகள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருக்கமாட்டேன். நஞ்சன்கூடு பஸ்ஸில் போய்க் குழந்தையைப் பார்த்து, வரச் சம்மதித்தால் உன் அக்காளையும் கூட்டிவருகிறேன். நான் இறங்கிப்போனதாக யாரிடமும் சொல்லாதே. கை மரத்துப்போனது என்றே சொல். வீட்டை அட்டாலியர்கள் பார்த்துக்கொள்ளும். பிரம்பு நாற்காலியைத் தலைவிக்குக் கொடுத்தேன். அது எனக்குக் கொடுத்தது. நான் திரும்பக் கொடுத்தேன். இப்போது அது காலியாகத்தான் கிடக்கிறது. நீ வந்தால் மறந்துபோய் அதில் உட்கார்ந்துவிடாதே. லீலாவின் பழைய புடவை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.