சைலன்ஸ் பெரியப்பாவும் என் கெமிஸ்ட்ரி பரீட்சையும்

மண்ணூர்பேட்டையில் அமைதிக்காக எங்கள் சைலன்ஸ் பெரியப்பாவைப் போலப் பாடுபட்டவர் யாருமில்லை. அவரளவுக்குச் சத்தம் போட்டவரும் யாருமில்லை.

அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பவர் பிரஸ் மிஷினில் இருபது வருஷம் தகடு அடித்ததில் இரண்டு காதும் மந்தம். அவர் ரகசியம் பேசினாலே பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நான் ஃபெயில். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். எனக்கு நர்ஸிங் படிக்க ஆசை. அப்பாவோ, "இந்த வாட்டியும் போச்சுன்னா, பேசாம எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போயிடு" என்று சொல்லிவிட்டார். இரண்டே அறை உள்ள வீடு. நாள் முழுக்க அடித்துக்கொள்ளும் இரண்டு தம்பிகள், அவர்களைத் திட்டுவதற்கென்றே அம்மா.

"இந்தச் சந்தையில கொயந்த எப்டி படிக்கும்? இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியப்பா.

காது கேட்காதவர் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்ணால்தான். யார் வாய் அசைந்தாலும் "சைலன்ஸ்" என்று ஓர் அதட்டல். நான் முணுமுணுத்து மனப்பாடம் செய்தபோது எனக்கும் ஒன்று விழுந்தது.

ஒருநாள் குக்கர் விசில் எனக்குத் தொந்தரவு என்று, வெயிட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"மாமா, அரிசி அப்படியே கீது" என்றாள் அம்மா.

"விசில் வந்தாத்தான் சோறா?" என்று கேட்டுவிட்டு, அந்த அரை வேக்காட்டை அவரே முதலில் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொல்லப் போனார். அவர்கள் மரியாதைக்கு உட்காரச் சொன்னார்கள். வசனம் காதில் விழவில்லை என்று தானே எழுந்து வால்யூமைத் திருப்பிவிட்டு, முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"சொல்லிட்டேம்மா. இனிமே சத்தமே வராது பாரு."

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எங்கள் வாசலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பத்து நிமிஷத்தில் பாட்டு நின்றது. அப்பாடா என்று நான் புத்தகத்தைத் திறந்தால், ஸ்பீக்கரில் அவர் குரல்.

"அல்லாருக்கும் வணக்கம். எங்க ஊட்டுப் பொண்ணு கெமிஸ்ட்ரில பதினோரு மார்க்ல பூட்ச்சு. திருப்பி எழுதப் போவுது. தயவு பண்ணி யாரும் சத்தம் போடாதீங்க."

சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னார்.

மறுநாள் கீரைக்கார அம்மாவே, "இன்னாம்மா, பாடம் மண்டையில ஏறுதா?" என்று விசாரித்தாள். இரண்டு நாள் அவமானத்தில் அழுதேன். பெரியப்பாவோடு பேசவில்லை. ஆனால் தெரு உண்மையிலேயே அடங்கிவிட்டது. கோலி ஆடும் பையன்கள்கூட அடுத்த தெருவுக்குப் போனார்கள். ஊருக்கே தெரிந்த பிறகு இன்னொரு தடவை தோற்க முடியுமா? மூன்றாம் நாள் ஆத்திரத்தோடு படிக்க உட்கார்ந்தேன்.

பரீட்சையன்று லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று, போகிற வருகிற ஆட்டோவுக்கெல்லாம் வாயில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

கடைசி மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே நான் வெளியே வந்ததும், "எப்டிம்மா எய்தின?" என்றார்.

"நல்லா எழுதினேன் பெரியப்பா."

"இன்னா?"

இரண்டாவது முறையும் கேட்கவில்லை. எட்டி அவர் காதருகே போய், "நல்லா எழுதியிருக்கேன்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சாலையே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாம்மா. உள்ள இன்னும் புள்ளைங்க எய்திகினு கீறாங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ரிசல்ட் வந்த அன்று நடுத்தெருவில் நின்று, "நாங்க பாஸாயிட்டோம்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினார். "நீங்க இல்ல பெரியப்பா, அக்காதான் பாஸு" என்று திருத்தப் போன சின்னத் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

அவர் சொன்னது சரிதான்.