ஆய்வு வண்டியின் டக் டக்

இந்தக் கதை என் காதுக்கு வருவதற்குள் இரண்டு வாய் மாறிவிட்டது. சிவகாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு நர்ஸ் சொன்னார். அவருக்கு, அவரோடு வேலை பார்க்கும் ஜாஸ்பின் சொன்னாராம். ஜாஸ்பினின் கணவர் சாலமன்ராஜ்தான் இந்தக் கதையில் வரும் வண்டியின் டிரைவர். ஆகவே இதில் ஏதாவது கூடியிருந்தால் அது வழியிலேயே கூடியது.

பட்டாசு ஆலைகளைச் சோதனை போடும் அலுவலகம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு கார் இருந்தது. அந்தக் காரின் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தது. ஸ்டியரிங்கைச் சாண் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். மேடு பள்ளத்தில் இறங்கினால் அடியில் யாரோ கதவைத் தட்டுவது போல டக் டக் என்று கேட்கும்.

ஒரு நாள் ஆனைக்குட்டம் வளைவில் கார் தன் இஷ்டத்துக்கு, எதிரே வந்த ஆலை வேனைப் பார்த்துப் போனது. வேன் நிறையப் பெண்கள். சாலமன்ராஜ் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே திருப்பினார். கர்த்தருக்குக் கேட்டது, சக்கரத்துக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. நூலிழையில் தப்பினார்கள்.

"நான் எமர்ஜென்சி வார்டுல நிக்கிறவ. உங்களை ஸ்ட்ரெச்சர்ல பாக்க வச்சிராதீக" என்றார் ஜாஸ்பின்.

மறுநாள் சாலமன்ராஜ் ஆய்வு அலுவலர் முத்துக்கிருஷ்ணனிடம் போய் நின்றார். மேசையில் ஒரு கேடயம். பல வருடங்களாக ஒரு விதிமீறலைக்கூடக் கண்டுபிடிக்காததற்காக, 'விதிமீறலே இல்லாத வட்டாரம்' என்று கொடுத்தது.

"சத்தமா? எனக்குக் கேக்கலையே."

"நீங்க போன்ல பேசிக்கிட்டே வர்றீக சார்."

"அரசு வாகனத்தில் சத்தம் உண்டா இல்லையா என்பதை ஓட்டுநர் முடிவு செய்ய முடியாது. குழுதான் முடிவு செய்யணும்."

குழு வந்தது. நான்குவழிச் சாலையில் காரை ஓட்டிப் பார்த்தது. வழவழப்பான சாலை, சத்தம் வரவில்லை. 'வாகனம் நலம். குறை, சாலைகளுடையது' என்று எழுதியது. சாலைக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறொரு குழு போட்டார்கள். 'சாலைகள் நலம். குறை, வாகனத்துடையது' என்று அது எழுதியது. இரண்டும் நலமாக இருந்தன. நடுவில் சாலமன்ராஜ் மட்டும் நலமாக இல்லை.

சிவகாசியில் மெக்கானிக் கருப்பணனிடம் வண்டியை விட்டார். கருப்பணன் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்.

"ஸ்டியரிங் ரேக்கு தேஞ்சிருச்சு. பால் ஜாயிண்டும் லூசு."

"அப்ப மாத்துங்கண்ணே."

"மாத்த மாட்டேன்."

"ஏன்?"

கருப்பணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "என் மச்சினி மாரித்தாய் ஒரு கம்பெனில திரி செருகுதா. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பத்துப் பேரு. ஒன் வண்டிச் சத்தம் ரோடு பிரியுற விலக்குல கேட்டதுமே ஆறு பேரு பின்னால வேப்பமரத்துக்குப் போயிருவாக. சத்தத்த எடுத்துட்டா அவுக எங்கன போவாக?"

"ஸ்டியரிங் கழண்டா நான் எங்கன போவேன்?"

"அது வேற டிபார்ட்மெண்டுப்பா."

கேடயம் எப்படி வந்தது என்பது சாலமன்ராஜுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனாலும் உயிர் அவருடையது. வழக்கமான சர்வீஸ் என்று சொல்லி விருதுநகருக்குக் கொண்டுபோய்ப் புது ரேக்கும் ஜாயிண்டும் போட்டு, அலைன்மென்டும் பார்த்து வந்தார். விரலால் தொட்டால் போதும், வண்டி திரும்பியது. சத்தம் அறவே இல்லை.

அடுத்த ஆய்வுக்குக் கார் ஆலை வாசலில் பூனை மாதிரி போய் நின்றது. முத்துக்கிருஷ்ணன் நேராக ஓர் அறைக்குள் நுழைந்தார். பத்துப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் வாழ்நாளில் விதிமீறலைப் பார்த்ததில்லை. பார்த்ததும், தவறான வீட்டுக்குள் வந்துவிட்டவர் போல "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

முதலாளி சுந்தரபாண்டி ஓடிவந்தார். "என்ன சார், இப்படிப் பதுங்கி வந்திருக்கீக?"

"முன்னறிவிப்பு இல்லாமல் வருவதுதான் விதி" என்றார் முத்துக்கிருஷ்ணன், தலையைக் குனிந்தபடி.

"விதி இருக்கட்டும் சார். வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல?"

வெள்ளி நிறப் பட்டாசு மருந்து படிந்த கைகளோடு மாரித்தாய் சாலமன்ராஜிடம் வந்தார். "சத்தத்த என்ன செஞ்சீகண்ணே?"

"ரிப்பேர் பாத்துட்டேன்மா. அன்னைக்கு ஆனைக்குட்டம் வளைவுல ஒரு வேன்ல இடிக்கப் போயிட்டேன்."

"அந்த வேன்லதான் நானும் வந்தேன். சாகாம காப்பாத்திட்டு இப்பப் பட்டினி போடுதீகளாக்கும்? நாளைக்கே ஆறு பேர நிப்பாட்டுவாக. எங்க வீட்டுல உலை எப்படிக் கொதிக்கும்?"

"இன்னொரு ரூம் கட்டலாமே சார்" என்றார் சாலமன்ராஜ், இரண்டு பெரியவர்களையும் பார்த்து.

இருவரும் சிரித்தார்கள். "அதெல்லாம் பரிசீலிக்க வேண்டிய விஷயம்" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

பரிசீலிக்கத் தேவையில்லாத விஷயத்தை அவர் அலுவலகத்துக்குத் திரும்பியதும் செய்தார். 'பராமரிப்பின்போது வாகனத்தின் இயல்பான ஒலி அனுமதியின்றி அகற்றப்பட்டுள்ளது. பழைய ரேக்கை உடனே பொருத்தவும்.'

சாலமன்ராஜ் சாவியைக் கேடயத்தின் பக்கத்தில் வைத்தார். "பழைய ரேக்க நீங்களே மாட்டிக்கோங்க சார். ஓட்டுறதுக்கு ஒரு குழுவப் போட்டுக்கோங்க."

முத்துக்கிருஷ்ணனுக்கு ஆனைக்குட்டம் வளைவு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று அவரும் பின்சீட்டில்தான் இருந்தார். பழைய ரேக் பேச்சை விட்டுவிட்டுக் கருப்பணனைக் கூப்பிட்டார்கள். கருப்பணன் ஒரு காலி பெயிண்ட் டப்பாவுக்குள் இரண்டு நட்டைப் போட்டு, பின் பம்பருக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார். கார் அசைந்தது. டக் டக். ஸ்டியரிங்கும் உறுதி, வேலையும் உறுதி, கேடயமும் உறுதி. 'பொதுமக்கள் நலன் கருதி ஒலி எச்சரிக்கை ஏற்பாடு' என்று ஆணை போட்டார்கள். படம் எடுத்து எல்லா வாட்ஸப் குழுவிலும் போட்டார்கள். அதைப் பார்த்த மற்ற அலுவலகங்கள், நமக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத் தொடங்கினவாம்.

கேட்டதை அப்படியே எழுதிவிட மனம் வரவில்லை. அதனால் போன வாரம் ஆனைக்குட்டம் விலக்கில், ஒரு டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்திப் பார்த்தேன். கார் வளைவில் நூல் பிடித்தது போலத் திரும்பியது. டப்பா இருந்தது உண்மை. பின்னாலேயே வேறு இரண்டு அலுவலக வண்டிகள் வந்தன. அவற்றிலும் டப்பா. எது எந்த அலுவலகம் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. டக் டக் கேட்டதுமே டீக்கடைக்காரர் கறுத்துப்போன எண்ணெய்ச் சட்டியை உள்ளே எடுத்து வைத்தார். எதிர்க்கடைக்காரர் தராசின் அடியிலிருந்து எதையோ உருவினார். பைக்கோடு நின்றிருந்த நாங்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டோம்.